கணக்கில் வராத தானியம்

கொல்லிமலையில் ஒரு வங்கிக் கிளையில் இரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். வங்கியின் பெயர் இங்கே அவசியமில்லை. ஒரு ஜூன் மாதம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பயிர்க்கடன் கேட்டு வந்தார். ஒரு ஏக்கர் நிலம். பாதியில் மரவள்ளி, பாதியில் சாமை. விண்ணப்பத்தை நிரப்புவது என் வேலை. அன்று என் முன்னால் இருந்த பயிர்ப் பட்டியலில் மரவள்ளி இருந்தது, மிளகு இருந்தது, காபி இருந்தது, வாழை இருந்தது. சாமை இல்லை. "சாமைக்கு இதுல இடமில்லீங்களேம்மா" என்றேன். "அதுக்கென்னங்க சார், ஒரு ஏக்கரையும் மரவள்ளின்னே எழுதிக்கங்க. மலையில வேற என்னத்தப் போடறாங்க" என்றார். எழுதினேன். அவர் கட்டைவிரலுக்கு மை தடவிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றும் கேட்டேன். ஏன் அரை ஏக்கரோடு சாமையை நிறுத்திக்கொண்டீர்கள்? சிரித்தார். "போட்டா குத்தறது யாருங்க?"

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இரண்டு விஷயங்களைப் பற்றியதுதான். நான் எழுதிய பொய், அவர் கேட்ட கேள்வி. கவிதைக்கும் விமர்சனத்துக்குமான ஒரு பத்திரிகையில் சாமைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சமீப வருஷங்களில் நம்மவர்கள் எழுதுகிற கதைகளிலும் கட்டுரைகளிலும் கம்பங்கூழும் வரகுச் சோறும் நிறையவே வருகின்றன. எல்லாம் இழந்த சொர்க்கத்தின் உணவாகவே வருகின்றன. அந்தச் சொர்க்கத்தில் உலக்கை பிடித்தது யார் என்ற பிரக்ஞை இல்லாமல் வருகின்றன. எழுதுகிறவர்களின் சிரத்தைக் குறைவு என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியவில்லை. நம் சரித்திரமே சின்னத் தானியங்களை அப்படித்தான் பார்த்திருக்கிறது.

முதலில் வார்த்தைகள். நன்செய், புன்செய் என்று நிலத்தைப் பிரித்தார்கள். நன்மை ஒரு பக்கம், புன்மை மறுபக்கம். நீர் பாய்கிற நிலம் நல்லது, மழையை நம்பிய நிலம் அற்பம். நஞ்சை, புஞ்சை என்று ரெவின்யூ பாஷையில் மருவிய பிறகு நமக்கு அர்த்தம் காதில் விழுவதில்லை. ஆனால் பிரித்தவன் வசூலிக்கிறவன் என்பது தெளிவு. வேலிக்கு இத்தனை கலம் நெல் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. நெல் அளக்க வசதி, சேர்த்து வைக்க வசதி, ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் அறுவடையாவதால் வசூலிக்கவும் வசதி. சாமையும் தினையும் கரட்டில், சரிவில், காட்டோரத்தில், துண்டு துண்டாக, வேறு வேறு மாதங்களில் விளைந்தன. ராஜாங்கத்தின் மரக்கால் அங்கே அவ்வளவு சுலபமாகப் போய்ச் சேரவில்லை.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. கணக்கில் வராததால் அந்தத் தானியம் வீட்டில் தங்கியது. புறநானூற்றில் மாங்குடி கிழார் வரகையும் தினையையும் கொள்ளையும் அவரையையும் சொல்லி, இந்த நான்கைத் தவிர வேறு உணவே இல்லை என்கிறார். நெல் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு தானியம், இரண்டு பயறு. சேலம் பக்கத்துப் புன்செய்க் காட்டில் எங்கள் பாட்டன்மார் விதைத்தது ஏறக்குறைய இதே கணக்குதான். ராகிக்கு நடுவே சால் விட்டு அவரை, துவரை, ஓரத்தில் ஆமணக்கு. ஒன்று பொய்த்தால் ஒன்று நிற்கும். மற்றவை முற்றுவதற்கு முன்பே, மூன்று நான்கு மாதத்தில் சாமை கைக்கு வந்துவிடும். வீட்டில் பழைய தானியம் தீர்ந்து புதியது வராத அந்த இடைவெளியை அடைப்பது சாமையின் வேலை. உமியோடு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. புழு அதிகம் அண்டாது. கோபுரக் கலசத்தில் வரகு வைக்கிற வழக்கம் உண்டு. மடைப்பள்ளியில் பொங்குவது நெல்லரிசி, கோபுரத்து உச்சியில் ஆபத்துக்கென்று இருப்பது வரகு. கோயிலுக்கே தெரிந்திருந்த நியாயம் இது.

தொம்பை என்று எங்கள் பக்கம் சொல்வோம். தெற்கே குதிர், குலுக்கை. மண்ணால் வனைந்து வீட்டுக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும். ராகிக்கு இன்னொரு முறை, நிலத்தில் குழி வெட்டிப் புதைத்து வைப்பது. 1800-01இல் மைசூர் சீமையில் பிரயாணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், குழியில் வைத்த ராகி பல வருஷங்கள் கெடாமலிருப்பதைக் குறித்திருக்கிறார். ஒரு வீட்டின் ஆகாரம் நிச்சயமா இல்லையா என்பதை அந்தக் காலத்தில் தொம்பையைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். தட்டிப் பார்க்கிற உரிமை வீட்டுப் பெண்ணுக்கு இருந்தது. விதைக்கு எடுத்து வைப்பது, எந்த மாதத்தில் எதைத் திறப்பது, எவ்வளவு கஞ்சி, எவ்வளவு களி என்பதெல்லாம் அவள் நிர்வாகம்.

இது இருந்த வீடுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். தொம்பை இல்லாத வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. நிலமில்லாதவர்கள், சாதியின் பேரால் நிலம் மறுக்கப்பட்டவர்கள், அன்றன்றைக்குப் படிக் கூலி வாங்கி அன்றன்றைக்கே குத்திக் காய்ச்சியவர்கள். பழைய கிராமம் தன்னிறைவாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் எந்தத் தெருவில் நின்று எழுதுகிறார்கள் என்று நான் பார்ப்பேன்.

*

சேலம் ஜில்லாவுக்கு இந்திய ரெவின்யூ சரித்திரத்தில் ஒரு பிரத்யேக இடம் உண்டு. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட், அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ ஆகியோர் இங்கேதான் ரயத்துவாரி முறையை வடித்தெடுத்தார்கள். ஒவ்வொரு நிலத்தையும் அளந்து, ஒவ்வொரு விவசாயியின் பெயரில் பதிந்து, ரூபாயாகத் தீர்வை நிர்ணயித்தார்கள். ஜமீன்தாரும் குத்தகைதாரனும் நடுவில் இல்லை என்பதால் விவசாயிக்கு நல்லது என்பது அதன் தத்துவம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி கிஸ்தி. ராஜாங்கம் தானியத்தில் பங்கு கேட்கவில்லை, ரூபாய் கேட்டது. மழை பொய்த்த வருஷத்திலும் ரூபாய் வேண்டும். ரூபாய்க்குத் தொம்பையைத் திறக்க வேண்டும். அறுவடையான கையோடு, விலை விழுந்து கிடக்கும் மாதத்தில் விற்க வேண்டும். விலை ஏறியிருக்கும் மாதத்தில் திரும்ப வாங்க வேண்டும். கணக்கில் வராமலிருந்த தானியத்துக்குக் கணக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இதன் விளைவு எண்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. 1876இல் மழை தவறியது. 1877 முழுவதும் பஞ்சம், 1878 வரை நீண்டது. சேலம் வழியாக ரயில் ஓட ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தானியம் ரயிலில் வந்திறங்கியது. வாங்கக் காசில்லை. செலவைக் கட்டுப்படுத்தக் கல்கத்தாவிலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் மேற்கொண்டு கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனர் கார்னிஷ், அதில் உழைக்கும் உடம்பு நிற்காது என்று எதிர்த்து எழுதினார். வில்லியம் டிக்பி இரண்டு வால்யூமில் அந்தப் பஞ்சத்தை எழுதி வைத்தார். 1871 ஜனக் கணக்கில் சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனம் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு வருகிற சங்கடம் வேறு மாதிரியானது. இறந்தவர்களை ஜில்லாவாரியாக, தாலுகாவாரியாகக் கணக்கெடுக்க முடிந்த ராஜாங்கத்துக்கு, இறப்பதற்கு முந்திய வருஷம் எத்தனை வீட்டில் தொம்பை காலியாகியிருந்தது என்பது தெரிந்திருக்க வழியில்லை. அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. கர்ணத்தின் அடங்கலில் சாமைக்கு இடமிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த சர்வே நம்பரில் எத்தனை ஏக்கர் என்று எழுதினார்கள். ஆனால் அடங்கல் நிலத்தோடு நின்றுவிடும். வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வராது. வந்திருந்தால் தொம்பைக்குப் பக்கத்தில் உரலும் கண்ணில் பட்டிருக்கும்.

*

சின்னத் தானியம் என்று மொத்தமாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு ஜாதி உண்டு. ராகி, கம்பு, சோளம் ஒரு பக்கம். கதிரடித்தால் மணி தனியாக வந்துவிடும். ராகியை நேரே திரிக்கலாம். கம்பை லேசாக இடித்துப் புடைத்தால் போதும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு இன்னொரு பக்கம். மணியை உமி கெட்டியாகக் கவ்வியிருக்கும். மணியோ கடுகை விடச் சற்றே பெரிது. வெயிலில் காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, தவிடு போகத் தீட்டி, நொய் பிரிக்க வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து ஒரு பெண் குத்தினால் அன்றைய சோற்றுக்கு ஆகும். மறுநாளைக்கு மறுநாள்.

மலையில் ஒரு வீட்டில் விளையாட்டாக உலக்கையை வாங்கிக் கால் மணி நேரம் குத்திப் பார்த்தேன். உள்ளங்கை கன்றிவிட்டது. உரலில் பாதி உமி அப்படியே இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் மரியாதைக்காகச் சிரிக்காமலிருந்தார்கள்.

1950களில் தேசம் முழுவதும் ஏறக்குறைய ஐம்பது லட்சம் ஹெக்டேரில் விளைந்தவை இந்த உமித் தானியங்கள். இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விளைகின்றன. ராகியும் குறைந்திருக்கிறது, ஆனால் இப்படிச் சரியவில்லை. பாதியளவோடு நின்றுகொண்டது. நாகரிகம் மாறியதால், நெல்லரிசிக்குக் கௌரவம் வந்ததால் சின்னத் தானியம் போயிற்று என்று சொல்வது வழக்கம். அது மட்டும் காரணமானால் ராகியும் சாமையும் ஒன்றாகப் போயிருக்க வேண்டும். கருப்பாக, களியாக, ஏழையின் தட்டில் கிடந்த ராகி மிஞ்சியது. வெள்ளையாக, சோறாகவே வெந்து வருகிற சாமை போயிற்று. நாக்கின் சரித்திரத்தை விட உரலின் சரித்திரம் இதை எனக்கு நன்றாக விளக்குகிறது.

நெல்லுக்கு இயந்திரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் சின்னச் சின்ன ஊர்களுக்கும் ரைஸ் மில் வந்துவிட்டது. மணிக்கணக்கில் குத்த வேண்டிய நெல் நிமிஷத்தில் அரிசியாயிற்று. சாமைக்கு அந்த மில் உதவாது. மணி சிறியது, நொறுங்கிவிடும், உமியோடு கலந்து போகும். சாமைக்கென்று ஒரு இயந்திரம் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. சந்தைக்கு வராத தானியத்துக்கு மில் கட்டினால் யார் கூலி கொடுப்பார்கள்? ஒரு வீட்டில் நெல்லும் சாமையும் இருக்கிறது. நெல்லை மில்லுக்கு அனுப்பலாம், சாமையைத் தானே குத்த வேண்டும். அந்த வீட்டுப் பெண் எதைச் சமைக்க விரும்புவாள் என்று கேட்க சமூகவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

மில்லை எதிர்த்தவர்கள் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர், கைக்குத்தல் அரிசிக்காகக் கடைசிவரை வாதாடினார். மில்லில் தீட்டிய அரிசியில் சத்துப் போகிறது, குத்துகிறவர்களின் பிழைப்பும் போகிறது என்றார். இரண்டும் சரி. கூலிக்குக் குத்துகிற பெண்ணுக்கு அது பிழைப்புதான். ஆனால் தன் வீட்டுக்குக் குத்துகிறவளுக்குக் கூலி இல்லை. அவளுடைய விடிகாலை எந்தப் பொருளாதாரத்தில் வரும் என்ற கேள்விக்கு, நான் மதிக்கிற குமரப்பாவிடமும் எனக்குப் போதுமான பதில் கிடைக்கவில்லை. விஞ்ஞானிகளுக்கும் விஷயம் தெரியாமலில்லை. குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அய்க்ராய்ட் 1937இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் இந்தத் தானியங்களும் இருக்கின்றன. ராகியில் அரிசியை விடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து இருப்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். இன்று புதிதாகக் கண்டுபிடித்தது போல் பேசுகிறோம்.

நம் இலக்கியம் என்ன செய்தது? உலக்கை நமக்கு ஒரு பாட்டு வகையைக் கொடுத்தது. வள்ளைப் பாட்டு. கலித்தொகைப் பெண்கள் யானைத் தந்தத்தை உலக்கையாக்கிக் குத்துகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கரும்பு உலக்கையாகிறது, குத்துவது முத்து. மாணிக்கவாசகரிடம் பொற்சுண்ணம் இடிக்கிறார்கள். எல்லாம் அழகு. ஆனால் இத்தனை உலக்கைகளில் ஒன்றாலாவது கை கன்றியதா என்று தேடினால் எனக்கு ஏமாற்றமே. பெரும்பாணாற்றுப்படையில் மட்டும், புற்றிலிருந்து புல்லரிசியைக் கிளறி எடுத்து, நிலத்தில் தோண்டிய உரலில் சின்ன உலக்கையால் குத்தி உலையேற்றும் எயினப் பெண்கள் வருகிறார்கள். அந்த இடத்தில் பாட்டு இல்லை, அலங்காரம் இல்லை, வேலை இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு கவிஞன் பார்த்ததை, கம்பங்கூழுக்கு உருகும் நம்முடைய யதார்த்தவாதிகள் பார்க்கத் தவறுவது வேடிக்கையாக இருக்கிறது.

*

என் அப்பாயிக்கு சேந்தமங்கலம் பக்கத்து மேட்டு நிலத்தில் வாழ்க்கை. மலை எங்கள் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். அவருடைய வலது உள்ளங்கையில் விரல்களின் அடியில் வரிசையாகத் தோல் தடித்திருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டு விளையாடுவேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நாளில், பழைய உணவைப் புகழ்ந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஊருக்குப் போய் அவரிடம் கேட்டேன், சாமைச் சோறு ருசியாக இருக்குமா என்று. அப்போது ரேஷனில் அரிசி கிலோ ஒரு ரூபாய். அப்பாயி அந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "ருசி குத்துனவளுக்கு எப்புடிடா தெரியும்? உக்காந்து தின்னவனுக்குத் தெரியும். உங்க தாத்தாகிட்டத்தான் கேட்டிருக்கோணும்" என்றார். தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

ரேஷன் அரிசியை ஏளனமாகப் பேசுவது நம்மிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. அதன் சரித்திரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1943இல் யுத்த காலத்தில் ரேஷன் வந்தது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். 1960களின் நடுவில் அரிசிக்கு நாடே அலைந்தது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற கோஷம் 1967 தேர்தலில் ஓர் ஆட்சியை மாற்றியது. ஜனங்கள் கேட்டது வெறும் கலோரி என்று நினைக்கிறவன் அந்தத் தேர்தலைப் புரிந்துகொள்ளவில்லை. பண்டிகையன்றும், சாவு வீட்டிலும், நோய் கண்டபோதும் மட்டும் பார்த்த நெல்லுச் சோற்றை, பண்ணையார் வீட்டில் தினமும் வேகிற சோற்றை, தாமும் தினமும் உண்ண வேண்டும் என்று கேட்டார்கள். அதில் மானம் இருந்தது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 1982இல் சத்துணவு, 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசமாக மாதம் இருபது கிலோ. தொம்பையே இல்லாத வீட்டுக்கு முதல் முறையாக ஒரு தொம்பை கிடைத்தது. அது காகிதமாக இருந்தாலென்ன? 1877இல் இந்தக் காகிதம் இருந்திருந்தால் சேலம் ஜில்லாவின் ஜனக் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

ஆகவே சாமையை விட்ட பெண்கள் செய்தது சரி. அரிசி கேட்ட ஜனங்கள் கேட்டது சரி. பிறகு எதை இழந்தோம் என்று நான் புலம்ப வருகிறேன்?

மறுபடி மலைக்குப் போக வேண்டும். யுத்த காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை பக்கமெல்லாம் ஆலைகள் வந்தன. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலைக்கு ரோடு வந்தது, லாரி வந்தது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கிழங்கு கீழே இறங்கியது. சாமையும் ராகியும் தினையும் இருந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. மரவள்ளிக்கு உரல் வேண்டாம். பிடுங்கி லாரியில் ஏற்றினால் ரூபாய். வருஷத்தில் ஒரு பயிர், ஒரு முறை ரூபாய், அதுவும் ஆலைக்காரர்களும் ஜவ்வரிசிச் சந்தையும் சேர்ந்து வைக்கும் விலைக்கு.

நான் நகைக்கடன் மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். மலையில் அந்த மேஜைக்கு ஒரு பருவம் உண்டு. ஜூனில் நகைகள் உள்ளே வரும். கிழங்கு விற்ற பிறகு வெளியே போகும். விலை விழுந்த வருஷத்தில் போகாது. ஒரே ஜோடித் தோட்டை வருஷா வருஷம் எடை போட்டிருக்கிறேன். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத அந்த இடைவெளி மறையவில்லை. முன்பு அதைச் சாமை அடைத்தது, இப்போது தோடு அடைக்கிறது. தோட்டுக்கு வட்டி உண்டு. அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது, உண்மைதான். பருப்பில் ஒரு பங்குதான் அங்கிருந்து வருகிறது. எண்ணெயும் காய்கறியும் பிள்ளைகளின் பஸ் செலவும் ரூபாய். சாமைக் காட்டில் ஊடாக வந்த அவரையும் துவரையும் மரவள்ளிக் காட்டில் இல்லை.

இழந்தது ருசியோ ஆரோக்கியமோ என்பதை விட, விற்க மாட்டேன் என்று சொல்லும் பலத்தை இழந்தோம் என்றே எனக்குப் படுகிறது. வீட்டுக்குள் மூன்று மாதத்துக்குத் தானியம் இருப்பவன் வியாபாரியிடம் இன்று வேண்டாம், அடுத்த மாதம் வா என்று சொல்லலாம். அந்த வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் தொம்பையிலிருந்து வந்தது. ரயத்துவாரிக் கிஸ்தி அதைக் கொஞ்சம் அரித்தது. ரைஸ் மில் வராத சாமையின் உமி மீதியை அரித்தது. ரேஷன் கார்டு பசியை நிறுத்தியது. பேரம் பேசும் பலத்தைக் கார்டு திருப்பித் தரவில்லை. அதைத் தருவதற்காக அது ஏற்பட்டதும் இல்லை.

இது இப்படியே போயிருக்கும் என்பதில்லை. 1990களின் நடுவிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கொல்லிமலையில் வேலை செய்தார்கள். கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் வித்துகளைச் சேகரித்தார்கள். ஆனால் அவர்கள் செய்ததில் முக்கியமானது, உமி நீக்கும் சின்ன இயந்திரங்களைச் சில ஊர்களில் மகளிர் குழுக்களின் கையில் கொடுத்தது என்று நினைக்கிறேன். பிரசாரத்தாலும் அட்டவணையாலும் ஆகாததை ஒரு இயந்திரம் கொஞ்சமாவது செய்தது. நெல்லுக்கு நூறு வருஷத்துக்கு முன் கிடைத்தது சாமைக்கு இப்போதுதான் கிடைத்தது. அதற்குள் சாமை விதைக்கிறவர்கள் சொற்பமாகிவிட்டார்கள்.

பெயர்களும் மாறின. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தபோது இவை ஆங்கிலத்தில் கோர்ஸ் கிரெய்ன்ஸ், முரட்டுத் தானியங்கள். 2018இல் மத்திய அரசு இவற்றை நியூட்ரி சீரியல்ஸ், ஊட்டத் தானியங்கள் என்று அறிவித்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. புன்செய்யின் புன்மை ஒரு வழியாக நீங்கிவிட்டது. அதே 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். ராகி, சாமை இல்லை. உமி இல்லாத தானியம்தான் ரேஷனுக்கும் சுலபம். சென்னையில் அழகான பாக்கெட்டில் விற்கிற சாமையரிசியின் விலையைப் பார்த்தால், அதை விளைவித்த வீடு அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசி பொங்குவது ஏன் என்று விளங்கும். அதில் தப்பு ஒன்றுமில்லை. விற்பது அவர்கள் இஷ்டமாக இருந்தால் சரி. ஜூன் மாதத் தோடு விற்கச் சொன்னால் சரியில்லை.

நான் ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன். சேலம் ஜில்லாவுக்கு 1883இல் லெ ஃபானு ஒரு மேனுவல் தொகுத்தார். 1918இல் ரிச்சர்ட்ஸ் கெஜட்டியர் எழுதினார். இவற்றை நான் மரியாதையோடு படிக்கிறேன். மலைக் கிளையில் வேலை பார்த்த பிறகு ஒரு சந்தேகமும் கூடவே வருகிறது. கலெக்டருக்குத் தாசில்தார் கொடுத்தது, தாசில்தாருக்குக் கர்ணம் கொடுத்தது. கடைசியில் எங்கேயோ ஒரு திண்ணையில் என்னைப் போன்ற ஒரு குமாஸ்தா, கையில் இருக்கும் கட்டத்துக்குள் அடங்காத எதையோ அடக்கி எழுதியிருக்கிறான். எதிரில் நின்றவர், அப்படியே எழுதிக்கங்க சாமி என்று சொல்லியிருப்பார். அவனும் கெட்டவனில்லை. மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலை இருந்திருக்கும்.

அந்த அம்மாள் கடனை ஒழுங்காகக் கட்டிவிட்டார். அந்த வருஷமே எனக்கு மாற்றலும் வந்துவிட்டது. வங்கிக் கணக்கில் அவருடைய ஒரு ஏக்கரும் இன்னும் மரவள்ளியாகவே இருக்கிறது. அதைத் திருத்த எனக்கு இப்போது வழியில்லை. என் கையெழுத்துள்ள அந்தத் தாள்கள் எங்கேயோ கூட்டப்பட்டு, தாலுகாவில் மரவள்ளி இத்தனை ஏக்கர் என்று ஒரு எண்ணாகியிருக்கும். பிற்பாடு யாராவது அதை வைத்துச் சரித்திரம் எழுதவும் கூடும். இந்தப் பத்திரிகை முந்நூறு பேருக்குப் போகிறது. அவர்களிடமாவது சொல்லி வைக்கிறேன். அதில் அரை ஏக்கர் சாமை.